பயிற்சிக் கதவும் தேர்வுக் கூடமும்: ஒரு மெய்நிகராக்கச் சான்றிதழின் வரலாறு

2024ஆம் ஆண்டு மே மாதத்தில், கணினித் துறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஒரு விதி ஓசையின்றி விலக்கிக்கொள்ளப்பட்டது. விஎம்வேர் நிறுவனத்தின் மெய்நிகராக்கத் தொழில்நுட்பத்தில் ‘விஎம்வேர் சர்ட்டிஃபைடு புரொஃபஷனல்’, சுருக்கமாக விசிபி, என்னும் சான்றிதழை முதன்முறையாகப் பெற விரும்புபவர் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அந்நிறுவனம் அங்கீகரித்த பயிற்சி வகுப்பு ஒன்றிலும் அமர்ந்திருக்க வேண்டும் என்பது அவ்விதி. எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும், வகுப்பில் இருந்ததற்கான பதிவு இல்லையெனில் சான்றிதழ் இல்லை.

விஎம்வேரை பிராட்காம் வாங்கி முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. உரிமக் கட்டண மாற்றம், ஆட்குறைப்பு முதலிய பெருஞ்செய்திகளுக்கிடையே இச்சிறு அறிவிப்பு அதிகம் பேசப்படவில்லை. ஆயினும் இந்தியாவில் இச்சான்றிதழின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் தேர்வின் கடினத்தைவிட இவ்விதியையே முதலில் கவனிக்க வேண்டும். யாருக்குத் தெரியும் என்பதைத் தேர்வு அளந்தது. தெரிந்தவர்களுள் யார் தெரிந்தவராக ஏற்கப்படுவார் என்பதை இவ்விதி தீர்மானித்தது.

ஒரு கணினியைப் பல கணினிகளாக இயங்கச் செய்யும் நுட்பம் விஎம்வேரின் கண்டுபிடிப்பு அன்று. 1960களின் நடுப்பகுதியில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவான சிபி-40, அதன் வழிவந்த சிபி-67, 1972இல் அறிவிக்கப்பட்ட விஎம்/370 ஆகியவற்றில் அதன் வேர்கள் உள்ளன. இயங்குதளத்தின் உட்கருவை அக்காலத்தில் ‘சூப்பர்வைசர்’ என்றழைப்பது வழக்கம். அத்தகைய பல சூப்பர்வைசர்களையும் தன்கீழ் வைத்து ஆளும் மென்பொருளுக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயரிட்டனர். லத்தீன் ‘சூப்பர்’, கிரேக்க ‘ஹைப்பர்’ இரண்டுக்கும் பொருள் ‘மேல்’ என்பதே. ஒரு மொழியில் ‘மேல்’ தீர்ந்துபோனதும் இன்னொரு மொழியிலிருந்து ஒரு ‘மேல்’ கடன் வாங்கப்பட்டது. தமிழில் ‘விர்ச்சுவல்’ என்பதற்கு நிலைபெற்றுள்ள ‘மெய்நிகர்’ என்னும் ஆக்கம் அதனினும் நுட்பமானது. மெய்யன்று, ஆனால் மெய்க்கு நிகர் என்று அது ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகிய இருவரும் ஒரு கணினிக் கட்டமைப்பை மெய்நிகராக்குவதற்கு வேண்டிய நிபந்தனைகளை வரையறுத்தனர். பின்னாளில் உலகெங்கும் பரவிய இன்டெல் எக்ஸ்86 கட்டமைப்பு அந்நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. இத்தடையைச் செயலியை மாற்றாமல், மென்பொருள் வழியாகவே கடந்ததுதான் விஎம்வேரின் சாதனை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘டிஸ்கோ’ என்ற ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்டோரும் டயான் கிரீனும் சேர்ந்து 1998இல் நிறுவனத்தைத் தொடங்கினர். 1999இல் மேசைக் கணினிக்கான ஒர்க்ஸ்டேஷன் வந்தது. 2001இல் சர்வர்களுக்கான இஎஸ்எக்ஸ் வந்தது. 2003இல் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மெய்நிகர் கணினியை நிறுத்தாமலேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றும் விமோஷன் வந்தது.

இந்த வரிசையின் விளைவு நிர்வாகியின் பணியில் தெரிந்தது. முன்பு ஒரு பயன்பாட்டுக்கு ஒரு சர்வர்; அதன் பெரும்பகுதித் திறன் வீணாகவே கிடக்கும். மெய்நிகராக்கத்துக்குப் பின் ஒரே சர்வரில் பல பத்துக் கணினிகள் குடியேறின. செலவு குறைந்தது, ஆபத்து ஓரிடத்தில் குவிந்தது. ஒருவரது தவறான ஒரு சொடுக்கில் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலும் சம்பளப் பட்டியலும் தரவுத்தளமும் ஒன்றாக நின்றுபோகக்கூடும். அந்தச் சொடுக்கைச் செய்பவர் 2000களிலிருந்து பெரும்பாலும் வாடிக்கையாளரின் கட்டடத்தில் இல்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள தரவு மையத்தை பெங்களூரிலும் நொய்டாவிலும் ஹைதராபாதிலும் சென்னையிலும் இரவுப் பணியில் அமர்ந்திருந்த ஒருவர் நிர்வகித்தார். முகம் தெரியாத அவரை எதைக்கொண்டு நம்புவது? இதற்கான விடையாகவே சான்றிதழ் இந்திய வேலைச் சந்தைக்குள் நுழைந்தது. விஎம்வேரின் பங்காளர் தகுதியைப் பெறச் சேவை நிறுவனங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சான்றிதழ் பெற்ற பணியாளர்களைக் காட்ட வேண்டியிருந்தது. அரசுத் தரவு மையங்களுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களிலும் இத்தகைய சான்றிதழ்கள் தகுதி நிபந்தனையாக இடம்பெறலாயின. ஒரு தனிமனிதரின் அறிவுக்கான அத்தாட்சி இவ்வாறு நிறுவனத்தின் கணக்கில் எண்ணப்படும் பொருளாகவும் ஆனது.

நிறுவனம் ஒன்று தன் பொருளைக் கையாளத் தெரிந்தவர் யார் எனத் தானே தேர்வு வைத்துச் சொல்லும் வழக்கத்தைப் பரவலாக்கியது நோவெல். அதன் நெட்வேர் வலையமைப்பு மென்பொருளுக்கான சிஎன்இ சான்றிதழ் 1990களின் முற்பகுதியில் அமெரிக்காவில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. மைக்ரோசாஃப்டும் சிஸ்கோவும் அவ்வழியில் வந்தன. தேர்வை நடத்தும் பொறுப்பு புரொமெட்ரிக், வியூ போன்ற தனி நிறுவனங்களிடம் சென்றது. எங்கே, யாரிடம் கற்றார் என்பதை எவரும் கேட்கவில்லை. கணினித் திரையின் முன் அமர்ந்து சரியான விடையைச் சொடுக்கினால் போதும். விரைவிலேயே ‘காகித சிஎன்இ’ என்னும் ஏளனச் சொல் பிறந்தது. கேபிளைத் தொட்டறியாமல் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரை அது குறித்தது.

இந்தியாவுக்கு இக்காட்சி புதிதன்று. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தன, பட்டம் வழங்கின. கற்பித்தல் கல்லூரிகளின் வேலையாக இருந்தது. கற்பித்தலுக்கான சட்டப்பூர்வ இடம் 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின்னரே தெளிவாக அமைந்தது. 1844இல் ஹார்டிங் வெளியிட்ட தீர்மானம் அரசுப் பணியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தந்திருந்தது. தேர்வு வேலையோடு பிணைந்து, கற்பித்தலிலிருந்து பிரிந்து நின்றபோது, இடையிலான வெளியை உரைநூல்களும் வினா-விடைக் கையேடுகளும் நிரப்பின. ‘பி.ஏ. தோல்வி’ என்பதையே ஒரு தகுதியாகக் குறிப்பிடும் வழக்கம் தோன்றியதும் அந்தச் சூழலில்தான். தேர்வுக்கூடம் வரை சென்றதே ஓர் அத்தாட்சி.

நூற்றாண்டு கடந்து கணினி வந்தபோதும் அதே வெளி திறந்துகொண்டது. 1981இல் தொடங்கிய என்ஐஐடியும் 1986இல் தொடங்கிய ஆப்டெக்கும் நகரந்தோறும் கிளை பரப்பின. 1990இல் அரசு டோயெக் திட்டத்தைக் கொண்டுவந்து ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகளில் தேர்வு வைத்தது. பன்னாட்டு நிறுவனச் சான்றிதழ்களின் அலை வந்ததும் இவையெல்லாம் இரண்டாம் இடத்துக்குச் சென்றன. அந்த அலையின் கரை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமெனில் அது ஹைதராபாதின் அமீர்பேட்டைதான். மைத்ரிவனம் கட்டடத்தையும் ஆதித்யா என்கிளேவையும் சுற்றி மாடிக்கு மாடி பயிற்சிக் கூடங்கள்; முகப்பை மறைக்கும் பதாகைகள்; வகுப்பு முடிந்து இறங்குவோரும் அடுத்த வகுப்புக்கு ஏறுவோரும் மோதிக்கொள்ளும் படிக்கட்டுகள்; நகலெடுத்துக் கட்டிய குறிப்பேடுகளை விற்கும் கடைகள். ஆந்திரக் குடும்பங்களின் வரதட்சணைப் பணமும் கணினிப் பயிற்சியும் வெளிநாட்டு விசாவும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக்கிடந்தன என்பதை மானிடவியலாளர் ஷியாங் பியாவோ 2007இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அமீர்பேட்டையைக் கேலி செய்வது எளிது. பொறியியல் கல்லூரியின் பாடத்திட்டம் எட்டிப்பார்க்காத மென்பொருள்களைச் சில ஆயிரம் ரூபாய்க்குச் சொல்லித்தந்த இடம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விஎம்வேரின் கட்டாயப் பயிற்சி விதியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கொள்கையளவில் அதைக் குறைகூற முடியாது. கற்பித்தலையும் தேர்வையும் மீண்டும் பிணைத்தது அது. காகிதச் சான்றிதழ் பெருகாமல் காத்தது. ஐந்து நாள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஆய்வகத்தில் கைவைத்துப் பழகினர். பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு வருவாய் வழியாக இருந்தது என்பதும் உண்மையே. ஆனால் அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர் விலையுள்ள அவ்வகுப்பு, இந்தியாவில் குறைந்த விலைக்கு நடந்தபோதும், புதிதாகப் பட்டம் பெற்று வந்த ஒருவர் தம் கைப்பணத்தில் செலுத்தக்கூடியதாக இல்லை. பெருநிறுவனத்தில் பணியில் இருப்பவரை நிறுவனமே அனுப்பியது. அமீர்பேட்டையில் கற்றவருக்கோ, சிற்றூர் ஒன்றில் சொந்தமாகப் படித்தவருக்கோ அவ்வழி இல்லை.

ஆக, ஒரு விசித்திரமான பிரிவினை உருவானது. அங்கீகாரம் இல்லாத கூடத்தில் அதே பாடத்தை அதே மென்பொருளில் கற்று, சர்வர்களைத் திறம்பட நிர்வகிக்கக்கூடியவராக ஒருவர் இருப்பார். வேலை விளம்பரத்தில் கேட்கப்படும் மூன்றெழுத்து மட்டும் அவரிடம் இராது. வேலை கிடைத்தால் நிறுவனம் வகுப்புக்கு அனுப்பும்; வகுப்புக்குச் சென்றால்தான் சான்றிதழ்; சான்றிதழ் இருந்தால்தான் நேர்காணலுக்கு அழைப்பு. இந்தச் சுழலிலிருந்து தப்பச் சிலர் கண்ட வழி வியப்புக்குரியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஸ்டான்லி சமுதாயக் கல்லூரி நடத்திய இணைய வகுப்பு, விஎம்வேரின் கல்வித் திட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்றிருந்தது. வணிகப் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியே அதன் விலை. உள்ளூர் மக்களுக்கென்று ஏற்பட்ட ஒரு சமுதாயக் கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பெயர்கள் சேர்ந்தன.

தேர்வு எத்தகையது? தேர்வுக்கூடத்தின் சடங்குகள் எங்கும் ஒன்றே: இரண்டு அடையாள அட்டைகள், கைப்பேசியைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி, எழுதி அழிக்க ஒரு பலகை. விஸ்பியர் 5 காலத்தில் 90 நிமிடங்களில் 85 வினாக்கள். பின்னர் 2020ஆம் ஆண்டின் வடிவில் 130 நிமிடங்களில் 70 வினாக்கள். மதிப்பெண் 100 முதல் 500 வரையிலான அளவுகோலில் தரப்படும். 300 பெற்றால் தேர்ச்சி. இதை அறுபது விழுக்காடு என்று எண்ணிக்கொள்பவர் பலர்; அளவுகோல் மதிப்பெண்ணுக்கும் விழுக்காட்டுக்கும் அப்படி நேரடித் தொடர்பு இல்லை. இந்தியப் பேச்சில் இத்தேர்வை யாரும் ‘பாஸ்’ செய்வதில்லை, ‘கிளியர்’ செய்கிறார்கள். வங்கித் தேர்வு, குடிமைப் பணித் தேர்வு ஆகியவற்றின் வழக்கிலிருந்து வந்த சொல் அது. தேர்வைக் கற்றலின் முடிவாகப் பாராமல், வழியில் நிற்கும் தடையாகப் பார்க்கும் மனநிலை அச்சொல்லிலேயே உறைந்திருக்கிறது.

தயாரிப்பின் ஒரு பாதி மனப்பாடம். ‘கன்ஃபிகரேஷன் மேக்சிமம்ஸ்’ என்று ஓர் ஆவணம் உண்டு. எது எவ்வளவு வரை போகலாம் என்ற உச்ச வரம்புகளின் தொகுப்பு. தேர்வர்கள் அதை வாய்ப்பாடுபோல உருப்போட்டனர். ஒரு மெய்நிகர் கணினிக்கு எத்தனை மெய்நிகர் செயலிகள் தரலாம் என்பது அதில் ஓர் இனம். 2009இல் வந்த விஸ்பியர் 4இல் விடை 8. 2011இல் 5.0 வந்தபோது 32. மறு ஆண்டு 5.1இல் 64. 2015இல் 6.0 வந்தபோது 128. 2010இல் தேறியவர் நெஞ்சில் நிறுத்திய எண் ஆறாண்டுகளுக்குள் மூன்று முறை பொய்யானது. அறிவு என்று இங்கே சோதிக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி, நிறுவனத்தின் அடுத்த வெளியீடு வரை மட்டுமே உண்மையாக இருக்கும் தகவல்.

மறுபாதி அப்படியன்று. ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒரு கிளஸ்டரில் நான்கு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 64 ஜிபி நினைவகம் பயன்பாட்டுக்கு உண்டு. ஒரு சர்வர் செயலிழந்தாலும் அதன் சுமையை மற்றவை தாங்க வேண்டும் என்று நிர்வாகி அமைத்திருக்கிறார். மெய்நிகர் கணினிகள் ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபி நினைவகம் முன்பதிவு. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் 16 ஜிபி முன்பதிவு. எத்தனை கணினிகளை இயக்கலாம்? ஒரு சர்வரை ஒதுக்கிவிட்டு மீதி 192 ஜிபியில் கணக்கிடுபவர் நூற்றெழுபதுக்கு மேல் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த ஏற்பாட்டில் விஎம்வேரின் எச்ஏ என்னும் பாதுகாப்பு முறை கணக்கிடும் விதமோ வேறு. மிகப்பெரிய முன்பதிவையே அது அலகாகக் கொள்கிறது. அலகு 16 ஜிபி. ஒரு சர்வரில் 4 அலகுகள். மூன்று சர்வர்களில் 12. சிறிய மேற்செலவுகளை விட்டுவிட்டால் விடை 12தான். பதின்மூன்றாவது கணினியைத் தொடங்க முயலும்போது வளம் போதவில்லை என்ற செய்தி வரும்; திரையிலோ நினைவகம் பெரும்பாலும் காலியாகவே தெரியும். இதை மனப்பாடத்தால் பிடிக்க முடியாது. நள்ளிரவில் இச்செய்தியை நேரில் சந்தித்தவரோ, ஆய்வகத்தில் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தவரோதான் நின்று யோசிப்பார். விஸ்பியர் 6.5இல் இயல்பான ஏற்பாடு விழுக்காட்டு முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும், ஒற்றைப் பெரிய முன்பதிவு மொத்தக் கணக்கையும் திரித்துவிடும் என்று கற்றுக்கொண்டவருக்கு அப்பாடம் வீண்போகவில்லை.

ஆய்வகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மற்றத் துறைகளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு மெய்நிகராக்கத்துக்கு உண்டு: அது தன்னைத்தானே மெய்நிகராக்கிக்கொள்ளும். இன்டெல் 2005இலும் ஏஎம்டி அதற்கு மறு ஆண்டிலும் தம் செயலிகளிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்த பிறகு, ஒரு மடிக்கணினியில் ஒர்க்ஸ்டேஷனை நிறுவி, அதனுள் இரண்டு மூன்று இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை நிறுவி, அவற்றுள் சிறு மெய்நிகர் கணினிகளை நிறுவி, முழுத் தரவு மையம் ஒன்றையே மேசைமேல் அமைத்துக்கொள்ள முடிந்தது. பொதுவாகத் தேவைப்பட்டது கூடுதல் நினைவகம் மட்டுமே. சோதனை உரிமம் 60 நாள். கெடு முடிந்ததும் அனைத்தையும் அழித்து மறுபடி முதலிலிருந்து நிறுவினர். பத்து முறை அழித்து நிறுவியவருக்கு நிறுவுதல் கைவந்த கலையாயிற்று. கெடு விதித்த நிறுவனம் அறியாமல் செய்த உதவி அது. ஸ்காட் லோவின் விஸ்பியர் நூலும், டங்கன் எப்பிங், பிராங்க் டெனிமன் ஆகியோர் கிளஸ்டர்களைப் பற்றி எழுதிய நூல்களும் இந்த வீட்டு ஆய்வகங்களின் பாடநூல்கள். மறுபுறம், உண்மை வினாக்களைத் திருடித் தொகுத்த ‘டம்ப்’ கோப்புகளும் கைமாறின. அவற்றைப் பயன்படுத்துவது தேர்வு ஒப்பந்தத்துக்குப் புறம்பானது. கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிபோகும். கட்டாயப் பயிற்சி விதி இருந்தும் டம்ப் சந்தை ஒழியவில்லை என்பதை விதியின் ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை.

2014ஆம் ஆண்டு மார்ச்சில் இன்னொரு திருப்பம் வந்தது. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்று விஎம்வேர் அறிவித்தது. கெடுவுக்குள் மறுதேர்வு எழுதாதவரின் சான்றிதழ் காலாவதியாகும். மீண்டும் பெற வேண்டுமானால் பயிற்சி வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். பட்டம் என்பது வாழ்நாளுக்கானது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்குரியது என்று பழகிய சமூகத்தில் காலாவதித் தேதியிட்ட கல்வித் தகுதி ஒரு புதுமை. நிறுவனத்தின் செலவில் ஒருமுறை வகுப்புக்குச் சென்று, பின்பு வேலை மாறியவர்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். பரவலான எதிர்ப்புக்குப் பின் 2019இல் கட்டாயக் கெடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகச் சான்றிதழின் பெயரிலேயே ஆண்டு சேர்க்கப்பட்டது. விசிபி 2019 என்பது காலாவதி ஆகாது; ஆனால் 2023இல் அதைப் பார்க்கும் நேர்காணலாளருக்கு அதன் வயது தெரியும்.

2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. முந்தைய ஆண்டு அறிவித்தபோது அதன் மதிப்பு சுமார் 6,100 கோடி டாலர். 2004இல் இஎம்சி இதே நிறுவனத்தை ஏறத்தாழ 63.5 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. பிராட்காமின்கீழ் நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, சந்தா முறை மட்டும் மிஞ்சியது. 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024இல் முதலில் தனிநபர்களுக்கும் பின்னர் அனைவருக்கும் இலவசமானது. கட்டணம் உயர்ந்ததால் வாடிக்கையாளர்கள் பலர் ஹைப்பர்-வி, கேவிஎம் சார்ந்த மாற்றுகளைத் தேடத் தொடங்கிய அதே மாதங்களில்தான் பயிற்சிக் கதவு திறக்கப்பட்டது. சிஎன்இ சான்றிதழுக்கு விண்டோஸ் என்டியின் எழுச்சி செய்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இக்காலப் பொருத்தம் தற்செயலாகத் தோன்றாது. அமீர்பேட்டையில் கற்றவர் இனி நேராகத் தேர்வுக்கூடத்துக்குச் செல்லலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் இக்கதவு திறந்திருந்தால் அதன் பயன் எத்தனையோ மடங்காக இருந்திருக்கும்.

கதவு திறந்த அதே ஆண்டின் இறுதியில் மற்றொரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. விஎம்வேர் பயனர் குழுவான விஎம்யூஜியில் ஆண்டுச் சந்தா செலுத்துபவர்களுக்கு, வீட்டு ஆய்வகத்தில் பழகுவதற்கான மென்பொருள் உரிமங்கள் அதுவரை சந்தாவோடு சேர்ந்தே கிடைத்துவந்தன. புதிய ஏற்பாட்டின்படி, அவ்வுரிமங்களைப் பெற ஒருவர் முதலில் விசிபி தேர்வில் தேறியிருக்க வேண்டும்.